என்றைக்கும் எனக்குப் பிடித்த 5 கேம்கள்

கேம் விளையாடும் யாரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். "எல்லாக் காலத்திலும் உங்களுக்குப் பிடித்த கேம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி என்பார். இன்னொருவர் கவுண்டர் ஸ்டிரைக் என்பார். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்த தலைமுறை ரோடு ரேஷ் என்று சொல்லும். டிவியில் கேசட் செருகி விளையாடியவர்கள் மரியோவையும் கான்ட்ராவையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு செல்லச் சண்டையில்தான் முடியும்.

என்னிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆனால் என் அளவுகோல் கொஞ்சம் கறாரானது. "எல்லாக் காலத்திலும்" என்று சொல்லிவிட்டால், அதில் இன்றைய தினமும் சேர்த்திதானே? இன்று மாலை விளையாடலாம் என்று நினைத்தால் விளையாட முடியாத கேம் ஒரு நல்ல நினைவு. அவ்வளவுதான். அதற்கு என் பட்டியலில் இடம் கிடையாது. எனவே ஒவ்வொரு கேமிடமும் நான் கேட்கும் கேள்விகள் மூன்று:

1. இதன் அடிப்படை விதியை ஒரு நிமிடத்தில் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

2. தோற்கும்போது, "தப்பு என் மேல்தான், இன்னொரு முறை ஆடிப் பார்க்கலாம்" என்று தோன்றுகிறதா?

3. இதை வெளியிட்ட நிறுவனம் நாளையே கதவை மூடினாலும் இது என் கம்ப்யூட்டரில் ஓடுமா?

கிராபிக்ஸ் எப்படி என்று நான் கேட்பதில்லை. இன்று அசத்தும் கிராபிக்ஸ் அடுத்த கிராபிக்ஸ் கார்டு வந்ததும் சாதாரணமாகிவிடும். மேலே உள்ள மூன்றும் அப்படி மாறுவதில்லை. இனி பட்டியலுக்குப் போவோம்.

1. டெட்ரிஸ் (1984)

மாஸ்கோவில் சோவியத் அறிவியல் அகாடமியின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ், 1984-இல் எலெக்ட்ரோனிகா 60 என்ற கம்ப்யூட்டரில் இதை உருவாக்கினார். அந்தக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் என்ற ஒன்றே கிடையாது. எழுத்துக் குறிகளை அடுக்கித்தான் கட்டங்களைக் காட்டினார். நான்கு சதுரங்களைச் சேர்த்தால் கிடைக்கும் 7 வடிவங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக விழும். திருப்பி, நகர்த்தி, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறையும். விதி முடிந்தது!

இந்தக் கேமில் ஜெயிப்பது என்று ஒன்று இல்லை. எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. 1989-இல் நின்டெண்டோவின் என்.இ.எஸ். சாதனத்துக்கு வந்த பதிப்பில் 29-ஆம் நிலையில் துண்டுகள் விழும் வேகத்தை மனிதக் கை சமாளிக்காது என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் நிலை வரை ஆடினான். அதற்கு மேல் புரோகிராமே திணறி, திரை உறைந்து நின்றுவிட்டது. 34 வயதான கேமிலும் புதிதாகச் சாதிக்க ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது பாருங்கள்.

டெட்ரிஸ் என்ற பெயருக்கும் உரிமைக்கும் பெரிய வழக்குகளே நடந்தன. உருவாக்கியவருக்கு ராயல்டி வரத் தொடங்கியது 1996-இல்தான். ஆனால் அந்த விளையாட்டின் யோசனை அதற்கு வெகு முன்பே உலகம் முழுவதும் பரவிவிட்டது. கால்குலேட்டரிலிருந்து செல்போன் வரை ஏதாவது ஒரு வடிவத்தில் ஓடாத இடமில்லை. என் மூன்று கேள்விக்கும் முழு மதிப்பெண்.

2. ஃப்ரீசெல்

"இதெல்லாம் ஒரு கேமா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆபீஸில் மேனேஜர் வரும்போது அவசரமாக மினிமைஸ் செய்யப்பட்ட அதே சீட்டு விளையாட்டுதான். 1978-இல் அமெரிக்காவில் பால் ஆல்ஃபில் என்பவர் பிளேட்டோ என்ற கல்விக் கம்ப்யூட்டர் அமைப்பில் இதன் முதல் கம்ப்யூட்டர் வடிவத்தை எழுதினார். மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய ஜிம் ஹார்ன் அதை விண்டோஸுக்காக எழுத, விண்டோஸ் 95-உடன் வீடு வீடாக வந்து சேர்ந்தது.

சாதாரண சாலிடேரில் பாதிச் சீட்டு கவிழ்ந்திருக்கும். அதிர்ஷ்டம் கைகொடுக்க வேண்டும். ஃப்ரீசெல்லில் 52 சீட்டும் முதலிலேயே கண்ணுக்குத் தெரியும். நான்கு காலி அறைகளை வைத்துக்கொண்டு அவற்றைப் பிரித்து அடுக்க வேண்டும். எல்லாம் கண்ணெதிரே இருப்பதால் தோற்றால் யாரையும் குறை சொல்ல முடியாது. என் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் வேறில்லை.

அந்த விண்டோஸ் பதிப்பில் 32,000 ஆட்டங்களுக்கு எண் கொடுத்திருந்தார்கள். எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்க முடியும் என்று நம்பப்படுவதாக அதன் ஹெல்ப் பக்கம் சொன்னது. உண்மைதானா என்று பார்க்க 1994-இல் டேவ் ரிங் என்பவர் இன்டர்நெட் வழியாக ஆர்வலர்களைச் சேர்த்து, ஆளுக்குக் கொஞ்சமாக ஆட்டங்களைப் பங்கிட்டுக் கொடுத்தார். 1995 ஏப்ரலில் வேலை முடிந்தபோது ஒரே ஒரு ஆட்டம் மட்டும் யாருக்கும் மசியாமல் நின்றது. அதன் எண் 11982. பிறகு கம்ப்யூட்டர் புரோகிராம்களை விட்டுத் தேடியும் அதற்கு விடை கிடைக்கவில்லை. விடையே இல்லை என்பதுதான் முடிவு.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் சற்று யோசிக்க வேண்டும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, சிஸ்டத்துடன் சேர்ந்தே வந்த இந்தச் சீட்டு விளையாட்டுகள் நீக்கப்பட்டன. அதற்குப் பதில் வந்த சாலிடேர் தொகுப்பு இலவசம்தான் என்றாலும் நடுவில் விளம்பரம் வரும். விளம்பரம் வேண்டாம் என்றால் சந்தா கட்ட வேண்டும். ஆனால் பைசால்எஃப்சி போன்ற இலவச ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களில் ஃப்ரீசெல் விளம்பரமின்றிக் கிடைக்கிறது. கரண்ட் போனால் நிஜச் சீட்டுக்கட்டு இருக்கவே இருக்கிறது!

3. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா (1989)

நம் ஊரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை, டாஸ் கட்டளைகளைப் படித்ததே இந்தக் கேமைத் திறப்பதற்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை. 60 நிமிடத்துக்குள் கோட்டையின் பாதாளச் சிறையிலிருந்து தப்பி இளவரசியை மீட்க வேண்டும். இதை ஏறக்குறைய தனி ஆளாக உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர். தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அந்த அசைவுகளை ஒவ்வொரு ஃபிரேமாகக் கம்ப்யூட்டருக்குள் வரைந்தார். அதனால்தான் அந்த இளவரசன் நிஜ மனிதனைப் போல ஓடி, வழுக்கி நிற்கிறான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நிழல் மனிதன். ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் மெமரியில் இன்னொரு பாத்திரத்துக்கான படங்களை வைக்க இடமில்லை. எனவே இளவரசனின் படத்தையே எடுத்து, சற்றுத் தள்ளி, எக்ஸார் என்ற கணக்கின் மூலம் தன் மேலேயே பதித்தார்கள். மினுமினுக்கும் ஒரு நிழல் உருவம் கிடைத்தது. கண்ணாடியின் வழியே நாம் பாயும்போது அது நம்மிலிருந்து பிரிந்து ஓடும். நாம் குடிக்க வேண்டிய மருந்தைத் திருடும். கதவை மூடும். கடைசியில் 12-ஆம் கட்டத்தில் வாளுடன் எதிரே வந்து நிற்கும். அதை வெட்டினால் நம் உயிரும் குறையும். கேம் வந்து 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் ரகசியத்தைச் சொல்லலாம். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். இடப் பற்றாக்குறையில் பிறந்த ஒரு உத்தி, கேமின் மிகச் சிறந்த காட்சியாகிவிட்டது!

இதன் ஆப்பிள் 2 சோர்ஸ் கோட் நீண்ட காலம் தொலைந்து போயிருந்தது. 2012-இல் மெக்னரின் தந்தை ஒரு பழைய பெட்டியிலிருந்து பிளாப்பி டிஸ்க்குகளைக் கண்டெடுத்தார். விஷயம் தெரிந்த சிலரின் உதவியுடன் அவற்றைப் படித்தெடுத்து, மெக்னர் அந்தக் கோடை எல்லாரும் பார்க்கும்படி இன்டர்நெட்டில் வெளியிட்டார். அந்தப் பெட்டி குப்பைக்குப் போயிருந்தால்? உலகப் புகழ்பெற்ற ஒரு கேமின் மூலப் பிரதி ஒரு அலமாரியின் தயவில் பிழைத்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

4. டூம் (1993)

முதலில் ஒரு எச்சரிக்கை. இது ரத்தம் தெறிக்கும் துப்பாக்கிக் கேம். சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல.

1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் இதை வெளியிட்டது. மூன்று பாகங்களில் முதல் பாகம் ஷேர்வேர். அதாவது, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் காப்பி எடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கலாம். பிடித்தால் மீதியைக் காசு கொடுத்து வாங்கலாம். 386 பிராசசரும் 4 எம்.பி. ராமும் இருந்தால் போதும், ஓடும். அவ்வளவு சிறிய கம்ப்யூட்டரில் அவ்வளவு வேகத்தை அதுவரை வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் டூம் என் பட்டியலில் இருப்பது வேகத்துக்காக அல்ல. இதை எழுதிய ஜான் கார்மாக், கேமை இயக்கும் புரோகிராமையும், படங்கள், ஒலிகள், அறைகளின் வரைபடங்கள் ஆகியவற்றையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து வைத்தார். அதனால் விளையாடுபவர்களே புது அறைகளைக் கட்டத் தொடங்கினார்கள். 1997 டிசம்பரில் சோர்ஸ் கோடையும் வெளியிட்டார்கள். 1999-இல் அது ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வந்தது. அதன் பின் டூம் நுழையாத இயந்திரம் இல்லை. விண்டோஸ், லினக்ஸ், செல்போன், கால்குலேட்டர் என்று எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். வெளியிட்ட நிறுவனம் கைமாறினாலும் இந்தக் கேமுக்குச் சாவு இல்லை. மூன்றாவது கேள்விக்கு ஒரு மாதிரி விடை வேண்டுமானால் அது இதுதான்.

5. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999)

உணவு, மரம், தங்கம், கல் என்ற நான்கையும் சேர்க்க வேண்டும். ஆட்களைப் பெருக்கி, நான்கு யுகங்களைக் கடந்து, எதிரியை வெல்ல வேண்டும். ஈட்டிக்காரன் குதிரைப் படையை வெல்வான். குதிரைப் படை வில்லாளியை வெல்லும். வில்லாளி ஈட்டிக்காரனை வெல்வான். இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் பத்து வருடம் ஆடினாலும் கற்றுக்கொள்ள ஏதாவது பாக்கி இருக்கும். தோல்விக்கான காரணம் பெரும்பாலும் போர்க்களத்தில் இருக்காது. முதல் ஐந்து நிமிடத்தில் புது ஆட்களை உருவாக்காமல் டவுன் சென்டரைச் சும்மா விட்டிருப்போம். வீட்டு வரவு செலவுக் கணக்குக்கும் இது பொருந்தும்.

இதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009-இல் மூடப்பட்டது. ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை. 2013-இல் ஹெச்.டி. பதிப்பும், 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷனும் வந்தன. 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் திராவிடர் என்ற நாகரிகமே சேர்ந்தது. உருமி வாள் வீரர்களும், திரிசடை என்ற போர்க்கப்பலும், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைச் சொல்லும் ஒரு கதைத் தொடரும் உண்டு. 1999-இல் 13 நாகரிகங்களுடன் வந்த கேம், 23 ஆண்டுகள் கழித்துச் சோழர் கடற்படைக்கு வந்து சேர்ந்தது!

மூன்றாவது கேள்வியில் மட்டும் இதற்கு மதிப்பெண் குறைவு. புதிய பதிப்பு ஆன்லைன் கடைக் கணக்குடன் கட்டப்பட்டது. அதனால்தான் ஐந்தாவது இடம்.

பட்டியலில் ஏன் இவை இல்லை?

"பப்ஜி எங்கே?" என்று இளைய வாசகர்கள் கேட்பார்கள். நல்ல கேம்தான். ஆனால் 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு அதைத் தடை செய்தது. அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கான சர்வர் சேவையும் நின்றது. 2021-இல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பியது. 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023-இல் மறுபடி வந்தது. தடை சரியா, தவறா என்பது வேறு விவாதம். ஆடுபவர் கையில் எதுவுமே இல்லை என்பதுதான் என் கவலை.

காசு கொடுத்து வாங்கினாலும் இதே கதை நடக்கலாம். யுபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. தனியாகக் கார் ஓட்டுவதற்கும் அந்தச் சர்வர் தேவை என்பதால், முழு விலை கொடுத்தவர்களும் அதன் பிறகு ஓட்ட முடியவில்லை. இதையொட்டிப் பிறந்த "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. சர்வரை நிறுத்துங்கள், ஆனால் வாங்கியவர் ஏதாவது ஒரு வழியில் விளையாட விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. நியாயம்தானே?

2020 கடைசியில் அடோப் ஃபிளாஷ் நிறுத்தப்பட்டபோது பிரவுசரில் ஆடிய ஆயிரக்கணக்கான குட்டி கேம்களும் ஒரே நாளில் இருண்டன. ஃபிளாஷ்பாயின்ட் என்ற ஆர்வலர் குழு 2018-லேயே விழித்துக்கொண்டு சேகரித்ததால்தான் பல பிழைத்தன. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. பிளாப்பிப் பெட்டியை மனதில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

"பழசு எல்லாமே பொன்னாகத் தெரியும் வயசு உங்களுக்கு" என்று சிலர் சொல்லலாம். அதற்கு எளிய சோதனை இருக்கிறது. இந்தக் கேம்களை முன்பின் பார்த்திராத ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் டெட்ரிஸைக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு எந்தப் பழைய நினைவும் இல்லை. "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று கேட்கிறதா, இல்லையா என்று பாருங்கள். ஆன்லைனில் நண்பர்களுடன் ஆடும் சந்தோஷம் தனி என்பதையும் நான் மறுக்கவில்லை. அதைத் திருவிழா போல அனுபவியுங்கள். திருவிழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கேம் வாங்கும் முன், தனியாக ஆடுவதற்கும் இன்டர்நெட் இணைப்பு கட்டாயமா என்று பாருங்கள். கட்டாயம் என்றால், வாடகைக்கு எடுப்பதாக நினைத்து அதற்குத் தக்க விலையை மட்டும் கொடுங்கள்.

* "பை" என்ற பட்டனை அழுத்துவதால் அது உங்கள் சொத்து ஆகிவிடாது. பெரும்பாலும் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

* 2008-இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. தளத்தில் காப்பிப் பூட்டு இல்லாத கேம்கள் கிடைக்கின்றன. அவற்றின் இன்ஸ்டாலர் கோப்பை டவுன்லோடு செய்து, எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி, வேறிடத்தில் ஒரு காப்பி என வைத்துக்கொள்ளுங்கள்.

* அலமாரியில் பழைய கேம் சிடிக்கள் இருந்தால் இப்போதே இமேஜ் கோப்பாக மாற்றிவிடுங்கள். சிடி நிரந்தரமல்ல. சேஃப்டிஸ்க் பூட்டு போட்ட பழைய சிடி கேம்கள் விண்டோஸ் 10 முதல் அப்படியே ஓடாது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

* பழைய டாஸ் கேம்களை டாஸ்பாக்ஸ் என்ற இலவச புரோகிராம் மூலம் இன்றைய கம்ப்யூட்டரிலும் இயக்கலாம்.

இனி உங்கள் முறை. உங்களுக்குப் பிடித்த ஐந்து கேம்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என் மூன்று கேள்விகளையும் போட்டு டிக் செய்யுங்கள். முதல் இரண்டில் டிக் வாங்கி, மூன்றாவதில் விழும் கேம் ஒன்றாவது நிச்சயம் இருக்கும். அதைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் ஆட வேண்டும்.